கேட்டலுக்கும் தெளிதலுக்கும் இடையே

நல்ல சொல்லைக் கேட்பதனால் ஒருவர் நல்லவராக மாறுகிறாரா என்ற வினா சமயங்களுக்குப் புதியதன்று. சைவ சித்தாந்த சாத்திரங்கள் பதினான்கனுள் ஒன்றாகிய சிவஞான சித்தியாரில் அருணந்தி சிவாசாரியார் ஞானம் பெறும் நெறியைக் கேட்டல், சிந்தித்தல், தெளிதல், நிட்டை என்று நான்கு படிகளாக வகுத்துள்ளார். குருவின் வாய்மொழியைச் செவியில் ஏற்பது கேட்டல். ஏற்றதைத் தடையும் விடையுமாகத் தனக்குள் ஆராய்வது சிந்தித்தல். ஐயம் நீங்கி உறுதி பெறுவது தெளிதல். தெளிந்த பொருளிலிருந்து பிரியாது நிற்பது நிட்டை. வேதாந்தம் இதனைச் சிரவணம், மனனம், நிதித்தியாசனம் என்று மூன்றாகச் சொல்லும். கண்டிப் பிரதேசத்து விகாரைகளில் போதிக்கப்படும் தேரவாத பௌத்தமும் கேட்டதனால் வரும் அறிவு, சிந்தித்ததனால் வரும் அறிவு, பயிற்சியினால் விளையும் அறிவு என மூன்றைப் பிரித்தே பேசுகிறது. தத்துவ முடிவுகளில் ஒன்றையொன்று கடுமையாக மறுக்கும் இந்நெறிகள் மூன்றும் கேட்டலைத் தொடக்கமாகவும், தொடக்கமாக மட்டுமே, வைத்திருப்பது கவனிக்கத்தக்கது.

இந்த வினா இன்று புதிய வடிவில் வந்து நிற்கிறது. கடுகண்ணாவையிலோ பிலிமத்தலாவையிலோ தமிழ்மொழிமூலம் கற்கும் ஒரு மாணவர் ஊக்கமூட்டும் பேச்சைக் கேட்க ஆண்டுக்கொருமுறை நடக்கும் பரிசளிப்பு விழாவுக்காகக் காத்திருப்பதில்லை. அது கைத்தொலைபேசித் திரையில் நாள்தோறும் அவரைத் தேடி வருகிறது. அவ்வாறு வருவது பேச்சு மட்டுமன்று. பல கமராக்களால் பதிவாகி, உரிய இடத்தில் வெட்டி ஒட்டப்பட்டு, பின்னணி இசை சேர்க்கப்பட்டு, பேச்சாளரின் கண் கலங்கும் கணத்தில் முகத்தை அண்மையில் காட்டும் ஒரு குறும்படமாகவே அது அவரை அடைகிறது. உலகெங்கும் இவ்வகைப் பேச்சுக்கு முன்மாதிரியான டெட் அமைப்பு 1984இல் தொடங்கியது. 2006இல் தன் பேச்சுகளை இணையத்தில் வெளியிடத் தொடங்கியது. ஒரு பேச்சுக்குப் பதினெட்டு நிமிடம் என்ற வரம்பையும் வைத்தது. ஆகவே சொல் மனிதரை மாற்றுமா என்று கேட்கும் மாணவர், படமாக்கப்பட்ட சொல் அவரிடம் என்ன செய்கிறது என்றும் சேர்த்துக் கேட்க வேண்டியவராகிறார்.

மேடைப் பேச்சு பதிவாகத் தொடங்கிய காலத்தின் சிறந்த சான்று ஒன்று கடுகண்ணாவை வழியாகவே சென்றது. 1893 செப்டெம்பர் 11ஆம் திகதி சிக்காகோ சர்வசமயப் பேரவையில் பேசிப் புகழ்பெற்ற சுவாமி விவேகானந்தர், மேலைநாடுகளிலிருந்து திரும்பியபோது 1897 ஜனவரி 15ஆம் திகதி கொழும்பில் இறங்கினார். மறுநாள் புளோரல் மண்டபத்தில் பேசினார். பின்னர் 19ஆம் திகதி புகையிரதத்தில் கண்டிக்குப் புறப்பட்டார். 1867இல் கண்டிவரை திறக்கப்பட்ட அந்த இருப்புப்பாதை ரம்புக்கணையைக் கடந்து, பாறைகளைக் குடைந்தும் பள்ளத்தாக்கின் விளிம்பைப் பற்றியும் ஏறி, கடுகண்ணாவைக் கணவாய் வழியாகவே மலைநாட்டுக்குள் நுழைகிறது. கண்டியில் வாத்திய இசையுடனும் கோயில் விருதுகளுடனும் வரவேற்பும் வாழ்த்துப் பத்திரமும் அவருக்கு அளிக்கப்பட்டன. சில மணி நேரத்தில் அவர் மாத்தளைக்குச் சென்று, அங்கிருந்து குதிரை வண்டியில் அனுராதபுரம், வவுனியா வழியாக யாழ்ப்பாணத்தை அடைந்தார்.

அப்பயணத்தில் அவரோடு ஜே. ஜே. குட்வின் என்னும் ஆங்கிலேயச் சுருக்கெழுத்தாளர் இருந்தார். சுருக்கெழுத்து என்பது பேசும் வேகத்திலேயே ஒலிகளைக் கோடுகளாலும் புள்ளிகளாலும் குறித்துக்கொள்ளும் முறை. 1895இன் இறுதியில் நியூயோர்க்கில் கூலிக்கு அமர்த்தப்பட்ட குட்வின் சிறிது காலத்திலேயே சீடராகி, 1898 ஜூனில் உதகமண்டலத்தில் இளவயதில் மறையும்வரை அப்பணியைச் செய்தார். கொழும்பு முதல் அல்மோரா வரையான சொற்பொழிவுகள் நூலாக இன்று கிடைப்பதற்கு அவருடைய கையே பெரிதும் காரணம். விவேகானந்தருடைய குரலின் நம்பத்தகுந்த ஒலிப்பதிவு எதுவும் இல்லை. லூமியர் சகோதரர் பாரிஸில் கட்டணம் பெற்று அசையும் படத்தைக் காட்டியது 1895 டிசெம்பர் 28ஆம் திகதி. பம்பாய் வாட்சன் விடுதியில் அது காட்டப்பட்டது 1896 ஜூலை 7ஆம் திகதி. படக்கருவி இந்தியாவை எட்டிவிட்ட பின்னரும் அவருடைய பேச்சு எழுத்தாக மட்டுமே எஞ்சியது. குரலின் ஏற்ற இறக்கமும் தோற்றத்தின் கம்பீரமும் கூட்டத்தின் ஆரவாரமும் கழிந்தபின் தாளில் என்ன நிற்கிறதோ அதுவே பின்வந்தோருக்குக் கிடைத்தது.

இதனை இழப்பென்று மட்டும் கருதுவது பிழை. மட்டக்களப்புப் பகுதியில் காரைதீவில் 1892 மார்ச் 27ஆம் திகதி பிறந்த சுவாமி விபுலாநந்தர், விவேகானந்தர் இலங்கையைக் கடந்து சென்றபோது ஐந்து வயது நிறையாத குழந்தை. அச்சேறிய சொல்லைப் படித்தும், அதில் சிலவற்றைத் தமிழில் பெயர்த்துமே அவர் அந்தச் சிந்தனையைத் தமதாக்கிக்கொண்டார். பின்னர் துறவு பூண்டு, இராமகிருஷ்ண மிஷன் பாடசாலைகளை நடத்தி, 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். ஒரு வாக்கியத்தை வேறு மொழியில் பெயர்ப்பவர் அதனை ஏற்கும் முன் பலமுறை நிறுத்தி, திருப்பி, வினவிப் பார்க்க வேண்டியவர். சித்தாந்தம் சிந்தித்தல் என்று வைத்த படியில் மொழிபெயர்ப்பாளர் தம் தொழிலின் இயல்பாலேயே நிற்கிறார். கொழும்பில் கைதட்டிய பலரைவிடக் காரைதீவில் பின்னர் வளர்ந்த ஒருவரிடம் அச்சொல் ஆழமாக வேர்கொண்டதற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

அதே பயணத்தில் அனுராதபுரத்தில் நிகழ்ந்ததை மாணவர் சற்று நின்று நோக்க வேண்டும். வெள்ளரசு மரத்தின் நிழலில் வழிபாடு என்ற பொருள்பற்றி விவேகானந்தர் ஆங்கிலத்தில் பேச, மொழிபெயர்ப்பாளர்கள் தமிழிலும் சிங்களத்திலும் எடுத்துச் சொன்னார்கள். சிவன், விஷ்ணு, புத்தர் என்று எப்பெயரால் வணங்கப்படினும் பரம்பொருள் ஒன்றே என்பது அன்று அவர் வற்புறுத்திய கருத்துகளுள் ஒன்று. பேச்சு நடந்துகொண்டிருக்கையில் கூட்டமொன்று திரண்டு பறையும் தாளமும் பேரொலியாக முழக்கியதால் அவர் உரையை நிறுத்த வேண்டியதாயிற்று. கூடியிருந்த இந்துக்களைப் பொறுமை காக்குமாறு கேட்டுக்கொண்டார் என்று அவருடைய வரலாற்றை எழுதியோர் குறிக்கின்றனர். எல்லா வழிபாடும் ஒன்று என்பதைத் தலையசைத்துக் கேட்ட கூட்டத்துக்கு, அதே இடத்தில், அதே நாழிகையில், அக்கருத்தைக் கைக்கொள்கிறோமா என்ற சோதனை வந்துவிட்டது. அந்தச் சொற்பொழிவில் ஒருவர் உண்மையில் எதைக் கேட்டார் என்பது, பறை முழங்கியபோது அவர் கை என்ன செய்தது என்பதிலேதான் தெரியும்.

தமிழ்ச் சைவ மேடைக்கு இதற்கும் முந்திய ஒரு வரலாறு உண்டு. 1847 டிசெம்பர் 31ஆம் திகதி வண்ணார்பண்ணை வைத்தீஸ்வரன் கோயிலில் ஆறுமுக நாவலர் தம் முதற் பிரசங்கத்தைச் செய்தார். கிறிஸ்தவப் போதகரின் முறையைச் சைவம் தன் தேவைக்குக் கைக்கொண்ட தருணம் அது. ஆயினும் நாவலர் வெள்ளிக்கிழமைதோறும் பேசியதோடு அமையவில்லை. அடுத்த ஆண்டிலேயே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார், அதன்பின் அச்சகத்தையும் அமைத்தார். கேட்டவர் வீடு திரும்பியபின் கையில் எடுத்துப் படிக்க ஒரு நூலும், தம் பிள்ளையை அனுப்ப ஒரு பள்ளியும் இல்லாவிடின் பிரசங்கம் அன்றிரவோடு கரைந்துவிடும் என்பதை அவர் நன்கறிந்திருந்தார் என்றே கொள்ளலாம்.

பவணந்தி முனிவரின் நன்னூற் பாயிரம் இதனை அளவு கூறியே சொல்லிவிடுகிறது. அன்னமும் பசுவும் போன்றவரை முதல் மாணாக்கராகவும், நிலமும் கிளியும் போன்றவரை இடைப்பட்டவராகவும், ஓட்டைக்குடமும் ஆடும் எருமையும் நெய்யரியும் போன்றவரைக் கடைப்பட்டவராகவும் வகுக்கும் அப்பாயிரம், ஆசிரியர் சொல்வதை முழுதும் பொருந்தக் கொண்டாலும் ஒருவர் அடைவது கல்வியில் காற்பங்கே என்கிறது. இன்னொரு காற்பங்கு உடன் கற்பாரோடு பயில்வதால் வரும். எஞ்சிய அரைப்பங்கு, கற்றதைப் பிறருக்கு எடுத்துரைப்பதால் வரும். மேடையில் இருப்பவர் எவ்வளவு வல்லவராயினும் அவர் தரக்கூடியது காற்பங்குக்கு மேல் இல்லை என்ற இந்தக் கணக்கு, ஊக்கப் பேச்சுகளைப் பற்றி இன்றுவரை சொல்லப்பட்டவற்றுள் மிக நிதானமான மதிப்பீடு. சிறந்த பேச்சைக் கேட்டும் தன்னில் மாற்றம் நிகழவில்லையே என்று வருந்தும் மாணவருக்கு அது ஆறுதலும் தருகிறது: முக்காற்பங்கு இன்னும் அவர் கையில்தான் இருக்கிறது.

இனித் திரையைப் பற்றி. ஒலிப்படக் காலம் தொடங்கியதிலிருந்து திரைப்படம் வினாடிக்கு இருபத்துநான்கு நிலைப்படங்கள் என்ற வேகத்தில் ஓடுகிறது. படச்சுருளை ஒளியால் எறியும் பழைய கருவியில், ஒரு படம் நகர்ந்து அடுத்தது வரும் இடைவெளியைச் சுழலும் மூடி ஒன்று மறைக்கும். ஆதலின் பார்வையாளர் அரங்கில் அமர்ந்திருக்கும் நேரத்தில் கணிசமான பகுதி திரை இருண்டே இருக்கும். திரையில் அசைவு எதுவும் இல்லை. ஒன்றுக்கொன்று சிறிதே வேறுபட்ட நிலைப்படங்களைச் சேர்த்து அசைவாகக் காண்பது பார்ப்பவரின் மனமே.

இலங்கையில் பிறந்த ஒருவருக்கு இச்செய்தி தொழில்நுட்பச் செய்தியோடு நிற்காது. பொருள்கள் யாவும் கணந்தோறும் தோன்றிக் கணந்தோறும் அழிவன, தொடர்ச்சி என்பது நம் அறிவு கற்பித்துக்கொள்வது என்ற கணபங்கக் கொள்கையைப் பௌத்த தத்துவம் நெடுங்காலம் வளர்த்து வந்துள்ளது. திரைப்படம் அக்கொள்கைக்குக் கண்முன் வைத்த எடுத்துக்காட்டுப் போலத் தோன்றும். சிவஞான சித்தியாரில் பிற சமயக் கொள்கைகளை மறுக்கும் பகுதியாகிய பரபக்கத்தில் அருணந்தியார் பௌத்தப் பிரிவுகள் நான்கையும் ஒவ்வொன்றாக எடுத்து மறுக்கிறார். ஒரு கணத்து அறிவு அடுத்த கணம் வருமுன் அழியுமாயின், முன்பு கண்டதைப் பின்பு நினைப்பவர் யார் என்பது அவ்விவாதத்தின் மையத்தில் நிற்கும் வினா. சைவர் அங்கே நிலைத்த ஆன்மாவைக் காட்டுவர். பௌத்தர், தனியொரு தொகுப்பாளர் வேண்டியதில்லை, ஒரு கணம் அடுத்த கணத்துக்குக் காரணமாவதே போதும் என்பர். வழக்கின் முடிவு எதுவாயினும் இரு தரப்பும் ஒன்றில் உடன்படுகின்றன: படத்துக்கும் படத்துக்கும் இடையிலுள்ள தொடர்பு திரையில் இல்லை, காண்பவரிடத்தில் நிகழ்கிறது. அவ்வாறாயின் தன் மனம் எதை எதனோடு சேர்க்கிறது என்பதைக் கவனிக்கும் கடமையும் காண்பவருடையதே.

சேர்க்கும் இவ்வியல்பைப் பயன்படுத்துவதே படத்தொகுப்பு, அதாவது எடுத்த காட்சிகளை வெட்டி ஒரு வரிசையில் அமைக்கும் கலை. ரஷ்யாவின் லெவ் குலெஷோவ் 1920ஐ அடுத்த ஆண்டுகளில் செய்ததாகக் கூறப்படும் பரிசோதனையில், நடிகர் ஒருவரின் உணர்ச்சி காட்டாத ஒரே முகம் ஒருமுறை உணவுக் கிண்ணத்தோடும், ஒருமுறை சவப்பெட்டியோடும், ஒருமுறை ஒரு பெண்ணோடும் இணைத்துக் காட்டப்பட்டது. பார்த்தோர் அம்முகத்தில் முறையே பசியையும் துயரையும் ஆசையையும் கண்டு நடிகரின் திறனை வியந்தனராம். அந்தப் படச்சுருள் இன்று இல்லை. பின்னாளில் அதனைத் திரும்பச் செய்த ஆய்வுகளும் ஒரே முடிவைத் தரவில்லை. ஆயினும் தொகுப்பு மேசையில் பணிபுரியும் எவரும் அதன் உண்மையை நாள்தோறும் காண்கின்றனர். பேச்சாளர் தாயைப் பற்றிப் பேசும் வரிக்குப்பின் அவையில் கண்ணீர் துடைக்கும் ஒருவரைக் காட்டினால், அவர் உண்மையில் அவ்வரிக்காகத்தான் அழுதாரா என்று யாரும் கேட்பதில்லை.

கண்டி மலைநாட்டைப் பொருளாகக்கொண்ட ஒரு படமே இதற்குத் தலைசிறந்த சான்று. ஜோன் கிரியர்சன் தயாரிப்பில் பசில் ரைட் இயக்கிய ‘சோங் ஒஃப் சிலோன்’ 1934இல் முடிக்கப்பட்டது. 1935இல் பிரசல்ஸ் திரைப்பட விழாவில் பரிசு பெற்றது. அதற்குப் பணம் தந்தது இலங்கைத் தேயிலைப் பிரசாரச் சபை. நான்கு பகுதிகளாக அமைந்த அப்படத்தின் முதற்பகுதி புத்தரின் பெயரைத் தாங்கி, சிவனொளிபாத மலைக்கு ஏறும் யாத்திரிகரைக் காட்டுகிறது. அங்கே மணி ஒலிக்கிறது. நீர்ப்பரப்பின்மேல் ஒரு பறவை எழுகிறது. கமரா அதனைத் தொடர்ந்து செல்ல, மணியோசை மேன்மேலும் வந்து சேர்கிறது. திரைப்பட வரலாற்றில் சமய உணர்வை இவ்வளவு தூய்மையாக எழுப்பிய கணங்கள் சிலவே. எந்தச் சமயத்தவர் கண்டாலும் உள்ளம் நெகிழும்.

அந்த நெகிழ்ச்சி எப்படி உருவாயிற்று என்று பார்த்தால் வியப்பு மிகும். படம் இலங்கையில் எடுக்கப்பட்டது. அதன் ஒலிப்பதிவோ லண்டனிற் பின்னர் உருவாக்கப்பட்டது. இசையமைத்தவர் வோல்டர் லீ. பின்னணியில் ஒலிக்கும் சொற்கள் கண்டி இராச்சியத்தில் 1660இலிருந்து 1679வரை சிறையிருந்த ரொபர்ட் நொக்ஸ் 1681இல் வெளியிட்ட நூலிலிருந்து எடுக்கப்பட்டவை. வாசித்தவர் கொழும்புக் கலைஞர் லயனல் வென்ட். இருநூற்றைம்பது ஆண்டுக்கு முந்திய ஒரு சிறையாளியின் விவரணம் இருபதாம் நூற்றாண்டின் முகங்களோடு பொருத்தப்பட்டபோது, அம்முகங்கள் காலம் தீண்டாதவை போலத் தோன்றத் தொடங்கின. வணிகத்தின் குரல்கள் என்ற மூன்றாம் பகுதியில் சந்தை விலைகளும் கப்பல் செய்திகளும் ஒலிக்க, உழைப்போரின் உருவங்கள் கடந்து செல்கின்றன. ரைட் அங்கே தம்மைப் பணித்தவர்களின் விளம்பர நோக்கத்தை மீறி ஒரு விமரிசனத்தை நுழைத்தார் என்பதே நடுநிலையான மதிப்பீடு. ஆயினும் தேயிலை கொய்யும் தோட்டத் தொழிலாளர் தம் வாழ்வைப்பற்றித் தாமே பேசுவதை அப்படத்தில் கேட்க முடியாது. அவர்களுடைய விரல்கள் அழகாக இயங்குகின்றன. அவர்களுடைய சொல் இல்லை. மலையகத் தமிழ் மாணவர் அப்படத்தைப் பார்த்து நெகிழலாம், நெகிழ வேண்டும்; நெகிழ்ந்தபின் இந்தக் குறையைச் சுட்டவும் வேண்டும். இரண்டையும் செய்பவரே அதனை முழுதாகப் பார்த்தவர்.

காட்சியைக் கொண்டு மனத்தை ஆளும் முயற்சி கமராவோடு தொடங்கியதும் அன்று. மலையைத் துளைத்து வருபவருக்கே கண்டி வசப்படும் என்று ஒரு வாக்கு இருந்ததாகவும், அதனை நிறைவேற்றிக் காட்டவே ஆங்கிலேயர் கடுகண்ணாவையில் பாறையைக் குடைந்து வீதி அமைத்தார்கள் என்றும் ஊரில் வழங்கிவரும் கதை பலரும் அறிந்தது. கண்டி வீழ்ந்தது 1815இல். வீதி அதன்பின் 1820களில் ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் காலத்தில் எழுந்தது. அதனை அமைத்த கப்டன் டோசன் 1829இல் இறந்தபின் அவர் நினைவாக நிறுத்திய கோபுரம் இன்றும் கணவாயில் நிற்கிறது. வாக்கு மெய்யாயினும் புனைவாயினும், படைபலத்தால் ஏற்கெனவே முடிந்துவிட்ட ஒன்றை மக்களின் நம்பிக்கைக்குள்ளும் முடித்துவைக்கக் கண்ணுக்குப் புலனாகும் ஒரு துளை தேவைப்பட்டது என்பதே அக்கதையின் உட்பொருள்.

கண்டிக்கு அண்மையிலுள்ள தெகல்தொருவ விகாரையின் பதினெட்டாம் நூற்றாண்டுச் சுவரோவியங்கள் காட்சிக்கலையின் வேறொரு மரபைக் காட்டுகின்றன. வெஸ்ஸந்தர ஜாதகம் முதலிய கதைகள் அங்கே நீண்ட பட்டைகளாகத் தீட்டப்பட்டுள்ளன. ஒரே பாத்திரம் ஒரே பட்டையில் மீண்டும் மீண்டும் வரும். காண்பவர் நடக்க நடக்கக் கதை நகரும். இதுவும் தொடர்படமே. ஒரு வேறுபாடு மட்டும் அடிப்படையானது: தெகல்தொருவவில் கதையின் வேகம் காண்பவரின் கால்களில் இருக்கிறது. வெஸ்ஸந்தரன் தன் பிள்ளைகளையே தானமாகக் கொடுக்கும் இடத்தில் ஒரு தாய் அரைமணி நேரம் நின்று, இது அறமா என்று தனக்குள் வழக்காடலாம், ஓவியம் காத்திருக்கும். திரையரங்கிலோ காலத்தைக் கருவி ஆள்கிறது. அந்த வினா எழுவதற்குள் அடுத்த காட்சி வந்து அதற்குரிய உணர்ச்சியையும் தந்துவிடுகிறது. கைத்தொலைபேசி நிறுத்தும் உரிமையைத் திருப்பித் தந்தது உண்மை. ஆனால் ஒரு பேச்சு முடிந்ததும் அடுத்ததைத் தானே ஓட்டுவதன்மூலம் அவ்வுரிமை நினைவுக்கு வராதபடியும் செய்துவிட்டது. கேட்டலுக்கும் தெளிதலுக்கும் இடையே சிந்தித்தல் இருக்க வேண்டிய இடம் இவ்வாறு நிரப்பப்பட்டுப் போகிறது. இக்காலத் தொழில்நுட்பம் செய்துள்ள மிகப் பெரிய மாற்றம் இதுவே.

கண்டிக் கைவினைகளை ஆராய்ந்து 1908இல் மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலை வெளியிட்ட ஆனந்த குமாரசுவாமி, கலையை உணர்ச்சிச் சுவைக்காக மட்டும் அணுகுவதைப் பிற்காலத்தில் வன்மையாக மறுத்தார். தமிழ்த் தந்தைக்குப் பிறந்து, நிலவியலாளராக இந்நாட்டுக்குத் திரும்பி, இங்கு வாழ்ந்தபோது மரத்தச்சரையும் உலோகக் கம்மியரையும் பக்கத்தில் இருந்து கண்டவர் அவர். செய்யப்பட்ட பொருள் மனிதருடைய ஏதேனும் ஒரு தேவைக்கு, உடலுக்கோ உள்ளத்துக்கோ, உதவ வேண்டும், கிளர்ச்சி தருவதோடு அது முடியக்கூடாது என்பது அவருடைய உறுதியான நிலைப்பாடு. ஊக்கப் பேச்சையும் இந்த அளவுகோலால் அளப்பது தகும்.

மனித நடத்தையை ஆராய்வோர் இவ்விடத்தில் ஒரு கடுமையான சான்றை வைக்கின்றனர். அமெரிக்காவின் பிரின்ஸ்டன் இறையியற் கல்லூரி மாணவர் நாற்பதுபேரைக்கொண்டு ஜோன் டார்லி, டானியல் பாட்சன் இருவரும் நடத்திய ஆய்வு 1973இல் வெளியாயிற்று. மாணவர் ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்குச் சென்று சிற்றுரை ஆற்ற வேண்டும். சிலருக்குத் தரப்பட்ட பொருள், வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியன் உவமை. மற்றவர்களுக்கு வேலைவாய்ப்புப் பற்றிய சாதாரணப் பொருள். வழியிலே இருமி முனகியபடி ஒருவர் சரிந்து கிடக்குமாறு ஏற்பாடு செய்யப்பட்டிருந்தது. நேரம் நிறைய உண்டென்று கருதியவர்களில் நூற்றுக்கு 63 பேரும், சரியான நேரம் என்று எண்ணியவர்களில் 45 பேரும், தாமதமாகிவிட்டது என்று சொல்லப்பட்டவர்களில் 10 பேருமே உதவ முன்வந்தனர். சமாரியனைப் பற்றிப் பேசப்போகிறோமா என்பது குறிப்பிடத்தக்க வேறுபாட்டை ஏற்படுத்தவில்லை. அவ்வுவமையை மனத்தில் சுமந்துகொண்டே கிடந்தவரைத் தாண்டிச் சென்றோரும் இருந்தனர்.

இதிலிருந்து அறவுரை பயனற்றது என்று முடிவுகட்டுவோர் உண்டு. அம்முடிவு அவசரமானது. அந்த மாணவர் கெட்டவர்களாக இருந்ததை ஆய்வு காட்டவில்லை. அவசரம் அவர்களுடைய கவனத்தின் எல்லையைக் குறுக்கிவிட்டதையே காட்டியது. சித்தாந்தத்தின் சொல்லில் கூறினால், அவர்கள் கேட்டலில் இருந்தார்கள், நிட்டையில் இல்லை. அறிந்த பொருள் அவசரத்திலும் பிரியாது நிற்கும் நிலையை எட்டாதவரிடம் அப்பொருள் இருந்தும் இல்லாததே. அருணந்தியார் இவ்வகையினரைப் பழிக்கவும் இல்லை: நிட்டையை எட்டாது நின்றோர் தாம் ஈட்டிய புண்ணியத்துக்கேற்ப மேலுலக இன்பம் நுகர்ந்து, மீண்டும் இவ்வுலகில் பிறந்து, குருவருளால் அதனை முடிப்பர் என்கிறார். கேட்டலுக்குப் பயன் உண்டு, ஆனால் அது முடிவான பயன் ஆகாது என்பதே அங்குள்ள துல்லியமான நிலைப்பாடு.

இதற்கு எதிராகப் பக்தி மரபு ஒரு வலிமையான தடையை எழுப்பும். தமிழ்ச் சைவத்தில் உள்ளம் உருகுதலே பெரும்பேறு. மாணிக்கவாசகரின் திருவாசகம் முழுதும் அவ்வுருக்கமே. அப்படியாயின் ஒரு பேச்சாலோ படத்தாலோ நெகிழ்பவர் ஏற்கெனவே அருளின் வாயிலில் நிற்கிறார் என்று ஏன் சொல்லக்கூடாது? இத்தடையை எளிதாக ஒதுக்க முடியாது, ஒதுக்கவும் கூடாது. எனினும் சிவபுராணத்தின் முடிவு, பாட்டின் பொருளை உணர்ந்து சொல்வோரையே உயர்த்திப் பேசுகிறது என்பதையும் மறத்தலாகாது. அடியாரின் உருக்கம் ஒரே பாடலை நாள்தோறும், ஆண்டுகள் பல, வாழ்வின் இன்பத்திலும் இழவிலும் ஓதுவதால் கனிந்தது. பன்னிரண்டு நிமிடத்தில் இசையாலும் அண்மைக் காட்சியாலும் வரவழைக்கப்படும் உருக்கத்தோடு அதனை ஒன்றாக வைப்பது அடியாருக்குச் செய்யும் அநீதி.

காட்சி ஒருவரை முழுதும் மாற்றிய வரலாறும் இல்லாமலில்லை. 1927 நவம்பரில் இலங்கைக்கு வந்து கண்டியிலும் பேசிய காந்தியடிகள், சிறுவயதில் கண்ட அரிச்சந்திர நாடகம் தம்மைப் பற்றிக்கொண்டதைத் தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். அதே கதைதான் 1913இல் தாதாசாகேப் பால்கேயின் கையில் இந்தியாவின் முதல் முழுநீளக் கதைப்படமாகியது. ஆனால் காந்தியடிகளின் வாக்குமூலத்தைக் கூர்ந்து படித்தால், அரங்கில் அமர்ந்திருந்த இரவைவிட அதன்பின் அவர் தமக்குள்ளேயே அரிச்சந்திரனாக எண்ணற்ற முறை நடித்துப் பார்த்ததற்கே அங்கு அழுத்தம் தரப்பட்டிருப்பது தெரியும். நாடகம் காற்பங்கைக் கொடுத்தது. மீதியை அச்சிறுவன் தானே செய்தான். பின்னர்த் தமக்குக் குருவான மெய்கண்டாரிடம் அருணந்தியார் ஆணவத்தின் வடிவம் யாதெனக் கேட்க, அவர் சொல்லால் விடை கூறாமல் கேட்டு நின்றவரையே குறிப்பால் காட்டினார் என்ற வரலாறும் இப்படிப்பட்டதே. ஒரு குறிப்பு ஒருவரை மாற்றிவிட்டதாகத் தோன்றும். ஆகமங்கள் அனைத்தையும் கற்றுத் தேர்ந்த முதியவராக அருணந்தியார் அங்கே வந்து நின்றார் என்பதை மறந்தால்தான் அவ்வாறு தோன்றும்.

ஆகவே மாணவர் ஊக்கப் பேச்சுகளையோ திரைப்படத்தையோ துறக்க வேண்டியதில்லை. கடுகண்ணாவையிலிருந்து பேராதனைப் பல்கலைக்கழகம் சில கிலோமீற்றர் தூரமே. அங்கே பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் கர்ணன் போர், இராவணேசன் முதலிய கூத்துகளை மாணவரைக்கொண்டு மேடையேற்றியபோது, ஆடியவர்கள் மாதக்கணக்கில் ஒரே அடியையும் ஒரே வரியையும் பயின்றார்கள். கலை பார்ப்பவருக்கு உணர்ச்சி தருவதோடு நில்லாமல் செய்பவருக்குப் பயிற்சியாகவும் அமைய முடியும் என்பதற்கு அது அண்மைச் சான்று. கைத்தொலைபேசியில் படம் எடுக்கவும் வெட்டித் தொகுக்கவும் இன்று எந்த மாணவராலும் முடியும். ஒரே முகத்தை இரு வேறு காட்சிகளோடு ஒருமுறை தானே ஒட்டிப் பார்த்தவர், பிறர் ஒட்டியதை முன்போல ஏமாந்து பார்க்கமாட்டார்.

மலைநாட்டுப் பாடசாலைகளின் அதிபர்களும் ஆசிரியர்களும் இதனைக் கருத்திற்கொள்ள வேண்டும். ஒரு பேச்சாளரை அழைத்தால், மறுநாள் ஒரு பாடவேளையை அவர் சொன்னதை மறுத்தும் தாங்கியும் விவாதிக்க ஒதுக்குங்கள். ஒரு படத்தைத் திரையிட்டால், மாணவரை நெகிழவைத்த காட்சியை இரண்டாம் முறை ஒலியின்றிக் காட்டுங்கள். அந்த வாரத்துக்குள், கேட்டவரையும் பார்த்தவரையும் கீழ்வகுப்புக்கு அனுப்பித் தம் சொற்களில் எடுத்துரைக்கச் செய்யுங்கள். இதற்குப் பணம் வேண்டியதில்லை, கால அட்டவணையில் இரண்டு பாடவேளைகள் போதும்.